கியர்பெட்டிக்குச் சென்ற பொய்ச்செய்தி

தானியங்கி கியர்பெட்டிக்கு ஓட்டுநரின் கால் தெரியாது. ஆக்சிலரேட்டர் மிதி எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, இயந்திரம் எவ்வளவு முறுக்குவிசை தருகிறது, வண்டி ஏற்றத்தில் திணறுகிறதா, சமதளத்தில் சும்மா உருள்கிறதா என்பனவற்றையெல்லாம் அது நேரடியாக அறிய வழியில்லை; எவரேனும் அதற்குச் சொல்லியாக வேண்டும். இன்றைய கார்களில் அந்த வேலையை உணரிகளும் ஒரு சிறு கணினியும் செய்கின்றன. ஆனால் 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில் முதல் முழுத் தானியங்கி கியர்பெட்டி பெருமளவில் விற்பனைக்கு வந்தது முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், எண்ணெயின் அழுத்தமும் சுருள்வில்லும் வால்வுகளும் சேர்ந்தே அந்தக் கணக்கைப் போட்டுவந்தன. மின்சாரம் ஏதுமின்றி எண்ணெயால் சிந்தித்த இந்தக் கருவிகளில் கியர் மாறும்போது ஏற்படும் முரட்டு உதறல், பட்டறை வழக்கில் ‘ஜெர்க்’, பெரும்பாலான உரிமையாளர்களால் கியர்பெட்டியின் மரண அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கியர்பெட்டி நலமாக இருந்து, அதற்கு வந்து சேரும் செய்தி மட்டும் பொய்யாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை.

இதை விளங்கிக்கொள்ள 1976 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 லட்சம் எண்ணிக்கையில் உற்பத்தியான மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 123 வரிசையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. குறிப்பாக, அவ்வரிசையின் பிற்கால டீசல் வண்டிகளில் 722.3 என்ற எண்ணுடைய நான்கு வேகத் தானியங்கி கியர்பெட்டி பொருத்தப்பட்டவை. ஐந்து சிலிண்டர்களும் மூன்று லிட்டர் கொள்ளளவும் கொண்ட இவற்றின் ஓஎம் 617 இயந்திரம் நீண்ட ஆயுளுக்குப் பேர்போனது. கியர்பெட்டியும் அதற்குச் சளைத்ததன்று. அவை இரண்டுக்கும் இடையே ஓடும் சில ரப்பர் முழங்கைகளும் பேனா ரீஃபில் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாய்களும்தான் நாற்பது ஆண்டுகளைத் தாங்காதவை.

முதலில் உதறல் என்பது இயற்பியலில் என்ன என்று பார்க்க வேண்டும். இந்தக் கியர்பெட்டியின் மூன்றாம் கியர் விகிதம் 1.44, நான்காம் கியர் 1.00, ஆகவே வண்டி ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் மூன்றிலிருந்து நான்குக்கு மாறினால், நிமிடத்துக்கு 2880 முறை சுழன்றுகொண்டிருந்த கியர்பெட்டியின் உள்தண்டு 2000 சுழற்சிக்கு இறங்கியாக வேண்டும். சுழலும் பொருளின் இயக்க ஆற்றல் சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குறைந்தாலும், ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி அந்தக் கண நேரத்தில் எங்காவது போய்ச் சேர வேண்டியிருக்கிறது. ஒரு பகுதி கிளட்ச் தகடுகளின் உராய்வில் வெப்பமாகிறது; மறு பகுதி சக்கரங்களுக்குப் போய் வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. தகடுகள் சற்றே வழுக்கி, அரை நொடியளவில் மெல்ல இறுகினால் பயணிகளுக்கு மாற்றமே தெரியாது. அதே வேலை அதில் ஒரு சிறு பங்கு நேரத்தில் முடிந்துவிட்டால், அந்தத் தள்ளல்தான் முதுகில் விழும் அடியாக உணரப்படுகிறது. இயந்திரத்துக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் வழியாகவே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் இந்த அடியை ஓரளவு மட்டுப்படுத்துகிறது, முழுவதும் விழுங்கிவிடுவதில்லை.

கிளட்ச் எவ்வளவு விரைவில் இறுக வேண்டும் என்பதை அதன் பிஸ்டனைத் தள்ளும் எண்ணெயின் அழுத்தம் தீர்மானிக்கிறது. இங்குதான் சிக்கல். ஓட்டுநர் மிதியை முழுவதும் அழுத்தியிருக்கும்போது இயந்திரம் தரும் முறுக்குவிசை பெரிது. அப்போது அழுத்தம் குறைவாக இருந்தால் தகடுகள் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும், இயந்திரம் இரு கியர்களுக்கு நடுவே சீறி எழும், உராய்வுப் பூச்சு கருகும். மிதியை மெல்லத் தொட்டுக்கொண்டு நகரத் தெருவில் போகும்போதோ முறுக்குவிசை மிகச் சிறிது. அப்போதும் அதே உயர்ந்த அழுத்தம் இருந்தால் தகடுகள் பொறி விழுந்ததுபோல் படீரென்று கவ்விவிடும். எனவே இயந்திரத்தின் சுமைக்கு ஏற்ப அழுத்தத்தை ஏற்றியிறக்கும் ஒரு பகுதி தேவைப்பட்டது. அதுவே மாடுலேட்டர் எனப்படும் சிறு டப்பா. அதனுள் ஒரு ரப்பர் சவ்வு. சவ்வின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறு பக்கம் சுருள்வில்லும் காற்று உறிஞ்சப்பட்ட அறையும். வில் தனியே தள்ளும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. அறையில் வெற்றிடம் கூடக்கூட வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளி வில்லின் வலிமையைக் கழித்துவிடுவதால் அழுத்தம் தணிகிறது. வெற்றிடம் இழுக்கிறது என்று சொல்வது பேச்சு வழக்கு மட்டுமே, தள்ளுவது எப்போதும் வளிமண்டலம்தான். அந்தத் தள்ளல் அற்பமானதும் அன்று: ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சவ்வின் மறுபக்கத்தில் வளிமண்டலத்தின் பாதி அழுத்தமே எஞ்சியிருப்பதாகக் கொண்டால், அதன்மீது விழும் விசை ஏறத்தாழ பத்து கிலோ எடைக்குச் சமம்.

பெட்ரோல் இயந்திரத்தில் இந்த வெற்றிடம் இலவசமாகவே கிடைக்கிறது. காற்று நுழையும் வழியைத் திராட்டில் என்னும் தட்டு அடைத்துக்கொண்டிருக்க, அதற்குப் பின்னால் பிஸ்டன்கள் உறிஞ்சிக்கொண்டிருப்பதால், சும்மா ஓடும் இயந்திரத்தின் உள்ளீட்டுக் குழலில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் நிற்கும். மிதியை முழுவதும் அழுத்தித் தட்டு திறந்துகொண்டால் அது சுழியை நெருங்கும். மிதியின் நிலைக்கும் வெற்றிடத்துக்கும் இவ்வாறு இயல்பாகவே ஒரு தொடர்பு இருப்பதால், 1964-இல் அறிமுகமாகிப் பிற்காலத்தில் ஜாகுவார், ரோல்ஸ்-ராய்ஸ், ஃபெராரி வண்டிகளிலும் இடம்பிடித்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 போன்ற கியர்பெட்டிகளுக்கு ஒரே ஒரு குழாய் போதுமானதாக இருந்தது. டீசல் இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. இத்தலைமுறை டீசல்களில் காற்றை அடைக்கும் தட்டே கிடையாது. எவ்வளவு எரிபொருள் பீய்ச்சப்படுகிறது என்பதைக் கொண்டே அதன் வலிமை கட்டுப்படுத்தப்படுகிறது. ஆகவே ஜெர்மானியப் பொறியாளர்கள் இல்லாத வெற்றிடத்தை உண்டாக்கவும், உண்டாக்கியதை மிதிக்கேற்பத் திட்டமிட்டுக் கெடுக்கவும் ஓர் ஏற்பாட்டை வகுக்க வேண்டியதாயிற்று.

அந்த ஏற்பாடு ஒரு சங்கிலி. இயந்திரத்தின் முன்பக்கத்தில் உள்ள வெற்றிடப் பம்பு இடைவிடாமல் காற்றை உறிஞ்சுகிறது. அதன் தடித்த குழாய் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. அக்குழாயிலிருந்து ஊசித்துளை அளவிலான கிளைகள் பிரிந்து மற்ற வேலைகளுக்குச் செல்கின்றன. ஒரு கிளை, எரிபொருள் பீய்ச்சும் பம்பின் மேல் அமர்ந்து மிதியோடு சேர்ந்து திரும்பும் ஒரு கட்டுப்பாட்டு வால்வுக்கு வருகிறது. மிதியைத் தொடாதபோது இந்த வால்வு வெற்றிடத்தைப் பெருமளவு அப்படியே விட்டுவிடுகிறது. மிதி அழுத்தப்பட அழுத்தப்பட வெளிக்காற்றைக் கசியவிட்டு அதைக் குறைக்கிறது. சில நாடுகளுக்கு அனுப்பப்பட்ட வண்டிகளில் இதற்கும் மாடுலேட்டருக்கும் நடுவே, பறக்கும் தட்டு என்று செல்லப்பெயர் பெற்ற, வட்டத்தட்டு வடிவிலான ஒரு வெற்றிடப் பெருக்கியும் உண்டு. பெட்ரோல் இயந்திரத்தின் இயல்பான மூச்சை டீசல் இயந்திரம் நடித்துக் காட்டுகிறது என்று இதைச் சொல்லலாம். கியர்பெட்டிக்கு நடிப்புக்கும் உண்மைக்கும் வேறுபாடு தெரியாது.

சங்கிலியில் எங்கேனும் ஒரு ரப்பர் இணைப்பு வெடித்து வெளிக்காற்று புகுந்தால் என்ன ஆகும்? மாடுலேட்டரில் வெற்றிடம் குறையும். வெற்றிடம் குறைவது என்பதற்குக் கியர்பெட்டியின் மொழியில் ஒரே பொருள்தான்: ஓட்டுநர் மிதியை முழுவதும் அழுத்திவிட்டார், இயந்திரம் முழு வலிமையோடு முறுக்குகிறது. காய்கறிச் சந்தைக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியின் கியர்பெட்டி, செங்குத்து மலைப்பாதையில் முழு விசையோடு ஏறுவதாக நம்பிக்கொண்டு கிளட்ச்சுகளை இறுக்குகிறது. அது செய்வது பிழையன்று. பெற்ற செய்திக்கு அது சரியான மறுமொழி. இதில் ஒரு தொலைநோக்கும் இருக்கிறது. செய்தி அறுந்தால் அழுத்தம் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்ற தெரிவு வடிவமைத்தவர்களின் கையில் இருந்தது. அவர்கள் கூடும்படி அமைத்தனர். அழுத்தம் கூடினால் பயணிகள் குலுங்குவர், ஆனால் தகடுகள் பிழைக்கும். குறைந்தால் பயணம் வெண்ணெய்போல் வழுக்கும், தகடுகள் சில மாதங்களில் கருகும். ஆகவே உதறல் நோயல்ல, பெரும்பாலும் காய்ச்சலைப் போன்ற ஓர் அறிகுறி மட்டுமே. அதுவும் உடலைக் காப்பதற்காக எழுந்தது.

கசிவு கியர்பெட்டிக்கு அருகில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதே இந்த வண்டிகளில் மிகவும் சுவையான செய்தி. இவற்றில் கதவுப் பூட்டுகள் வெற்றிடத்தால் இயங்குகின்றன. குளிர்சாதனக் காற்றைத் திருப்பும் மடல்களும் அவ்வாறே. சாவியைத் திருப்பியதும் எரிபொருளை நிறுத்தி இயந்திரத்தை அணைப்பதும் வெற்றிடமே. பின்பக்கக் கதவுக்குள் இருக்கும் ஒரு பூட்டின் சவ்வு கிழிந்து, அந்தக் கிளையைப் பிரித்துக் காக்க வேண்டிய ஒருவழி வால்வும் பழுதாகியிருந்தால், இழப்பு சங்கிலி முழுவதற்கும் பரவி, இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது உதறலாக வெளிப்படலாம். சாவியை எடுத்த பிறகும் இயந்திரம் சில நொடிகள் ஓடிக்கொண்டிருக்கிறதா, பூட்டுகள் ஒன்றிரண்டு முறைக்குப் பின் இயங்க மறுக்கின்றனவா, பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கனக்கிறதா என்று விசாரிப்பது, வண்டியின் அடியில் படுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. கியர்பெட்டியைப் பற்றிய கேள்விக்கு விடை கதவுப் பூட்டில் கிடைப்பது முதன்முறை கேட்பவருக்கு நகைப்பாகத் தோன்றும்.

விசாரணைக்குப் பின் அளவீடு. இதற்கு வேண்டிய கருவி கையால் இயக்கும் ஒரு வெற்றிடப் பம்பும் அதன்மேல் பொருத்திய அளவுமானியும் மட்டுமே. மானியில் உள்ள அங்குலக் கணக்கு, 1643-ஆம் ஆண்டில் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து வளிமண்டலத்தின் எடையைக் காட்டிய சோதனையின் நேரடி வாரிசு. கடல்மட்டத்தில் வளிமண்டலம் தாங்கக்கூடிய பாதரசத் தம்பத்தின் உயரம் 29.92 அங்குலம் என்பதால், எந்தப் பம்பும் அதைத் தாண்ட முடியாது. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைந்துகொண்டே போவதால், 2240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரில் அந்த உச்சவரம்பே 23 அங்குலம்தான் என்பதை மறந்துவிட்டு நல்ல பம்பைக் குறைசொல்வதும் நிகழக்கூடியதே. சமவெளியில் நலமான டீசல் பம்பு 20 அங்குலத்துக்கு மேல் காட்ட வேண்டும். மாடுலேட்டருக்குப் போகும் குழாயில் இயந்திரம் சும்மா ஓடும்போது பொதுவாக 10 முதல் 15 அங்குலம் வரை இருந்து, பீய்ச்சும் பம்பின் நெம்பைக் கையால் திருப்பத் திருப்ப அது படிப்படியாகச் சுழிக்கு இறங்க வேண்டும். இறக்கத்தில் திடீர்ப் பள்ளம் இருந்தால் கட்டுப்பாட்டு வால்வு தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

எனினும் எல்லாவற்றையும்விடத் தீர்மானமான சோதனை ஒன்று உண்டு. மாடுலேட்டரை இயந்திரத்தின் குழாயிலிருந்து முற்றிலும் பிரித்து, நீண்ட ரப்பர் குழாய் ஒன்றை வண்டிக்குள் கொண்டுவந்து கைப்பம்போடு இணைத்துவிட்டு, மிதியை மெல்லத் தொட்டு வண்டியை ஓட்ட, அருகில் அமர்ந்திருப்பவர் 15 அங்குல வெற்றிடத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உதறல் மறைந்துவிட்டால் கியர்பெட்டி குற்றமற்றது. அதற்குச் செய்தி கொண்டுவந்த சங்கிலிதான் குற்றவாளி. உதறல் அப்படியே இருந்தால், குழாய்களை விட்டுவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். கைப்பம்பின் முள் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தால் மாடுலேட்டரின் சவ்வே கிழிந்திருக்கிறது. ஒரே ஓட்டத்தில் ஐயத்துக்குரிய பகுதிகள் இரண்டாகப் பிளக்கப்படுகின்றன; பாதியைக் குற்றமற்றதென்று விடுவித்து மறுபாதியை மீண்டும் பிளப்பது, மின்சுற்றில் பழுது தேடுபவரும் கணினி நிரலில் பிழை தேடுபவரும் கையாளும் அதே தர்க்கம். சவ்வு கிழிந்ததற்கு இன்னொரு சான்றும் உண்டு: வெற்றிடக் குழாயைக் கழற்றினால் அதனுள் கியர்பெட்டியின் சிவந்த எண்ணெய் நனைந்திருக்கும். பெட்ரோல் வண்டியில் இந்த எண்ணெய் இயந்திரத்துக்குள் உறிஞ்சப்பட்டுப் புகையாக வெளியேறுவதால், தரையில் ஒரு சொட்டுக்கூடக் கசியாமலேயே எண்ணெய் குறைந்துகொண்டு வருவது பல உரிமையாளர்களைத் திகைக்க வைத்திருக்கிறது.

உதறலின் இயல்பும் நிறையவே சொல்கிறது. மெல்ல ஓட்டும்போது எல்லா மாற்றங்களும் முரடாகவும், முழு மிதியில் எல்லாம் இயல்பாகவும் இருந்தால் வெற்றிடச் செய்தி வரவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகக் கூறலாம். ஏனெனில் முழு மிதியில் அந்த அழுத்தம் இருக்க வேண்டியதுதான். மாற்றம் முரடாக மட்டுமன்றிக் காலந்தாழ்ந்தும் நிகழ்ந்தால், மிதியிலிருந்து கியர்பெட்டிக்கு நேராக வரும் கம்பிவடத்தையும் பார்க்க வேண்டும். எந்த வேகத்தில் மாறுவது என்பதை வண்டியின் வேகத்தை எண்ணெய் அழுத்தமாக மாற்றித்தரும் கவர்னரும் இந்த வடமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. ஒரே ஒரு மாற்றம் மட்டும் உதறி மற்றவை மென்மையாக இருந்தால் குற்றம் உள்ளேதான்: அந்தக் குறிப்பிட்ட கிளட்ச்சுக்கோ பிரேக் பட்டைக்கோ போகும் எண்ணெயை மெத்தைபோல் ஏந்தித் தாமதப்படுத்தும் சிறு பிஸ்டனும் வில்லும், அதாவது அக்யூமுலேட்டர், சிக்கியிருக்கலாம். நிறுத்தத்தில் கியர் நெம்பைத் தள்ளும்போது மட்டும் இடித்தால், சும்மா ஓடும் இயந்திரத்தின் வேகம் கூடுதலாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். வெப்பமேறிய நிலையில், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, சமதளத்தில் அளவுக்கோலை இழுத்துப் பார்க்காமல் வேறெந்தச் சோதனைக்கும் போவது வீண். எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து விழுங்குகிறது; நுரைத்த எண்ணெய் அமுங்கக்கூடியதாகிவிடுவதால் கிளட்ச் தாமதித்துப் பின் மொத்தமாகக் கவ்வுகிறது. ஆனால் அளவு மட்டுமன்றி எண்ணெயின் வகையும் உதறலைத் தீர்மானிக்கிறது. இரண்டு பரப்புகள் வழுக்கி நிற்கப்போகும் கடைசிக் கணத்தில் உராய்வு திடீரென்று ஏறினால், மென்மையாகத் தொடங்கிய மாற்றமும் ஒரு வெட்டலோடு முடியும். இதைத் தடுப்பதற்காக எண்ணெயில் உராய்வைத் திருத்தும் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. ஃபோர்டு நிறுவனத்தின் டைப் எஃப் வகையில் இவை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த டெக்ஸ்ரான் வகையில் உண்டு. மெர்சிடிஸ் கேட்பது பின்னதைத்தான். 1960-களின் இறுதியில் வந்த முதல் டெக்ஸ்ரானில் இந்தச் சேர்மமாக இருந்தது எண்ணெய்த்திமிங்கிலத்தின் கொழுப்பு என்பதும், அமெரிக்கா 1970-களின் தொடக்கத்தில் அவ்விலங்குகளைச் சட்டத்தால் பாதுகாத்த பிறகே செயற்கைச் சேர்மங்கள் அவசரமாகத் தேடப்பட்டன என்பதும், கார்களின் வரலாற்றில் கடல் எதிர்பாராமல் எட்டிப்பார்க்கும் ஓர் இடம்.

கியர்பெட்டிக்கு வெளியே இருந்துகொண்டு அதன்மேல் பழிபோடும் பாகங்களும் உண்டு. இயந்திரத்தையும் கியர்பெட்டியையும் தாங்கும் ரப்பர் மெத்தைகள் அமுங்கிப்போயிருந்தால், முறுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் மொத்தப் பாரமும் சாய்ந்து இடிக்கும். சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர்த் தட்டுகளில் வெடிப்பு விழுந்திருந்தாலும் அதே ஒலி, அதே உதை. தட்டை விரலால் வளைத்துப் பார்த்தாலே வெடிப்பு தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நேரே கைவைக்கப்படும் இடம் ஒன்று இருக்கிறது. மாடுலேட்டரின் முனையில் ஒரு ரப்பர் மூடி. அதைக் கழற்றினால் சாவிபோன்ற சிறு திருகு. அதைத் திருப்பினால் வில்லின் அழுத்தம் கூடும், குறையும். தொழிற்சாலை இதை நுண்ணிய சரிக்கட்டலுக்காக வைத்தது. உதறும் வண்டியில் இதை நாலைந்து முறை தளர்த்திவிட்டால் உதறல் அன்றைக்கே நின்றுவிடும், வண்டி விற்பனைக்கும் ஆயத்தமாகிவிடும். ஆனால் நடந்தது என்னவென்றால், வெற்றிடக் கசிவு என்னும் பொய்க்கு எதிராக இன்னொரு பொய் ஏற்றப்பட்டிருக்கிறது: மெல்ல ஓட்டும்போது இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, முழு மிதியில், வெற்றிடத்துக்கு எந்த வேலையும் இல்லாத நேரத்தில், தளர்த்தப்பட்ட வில் மட்டும் எஞ்சி, வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் தகடுகள் வழுக்கத் தொடங்குகின்றன. பல கியர்பெட்டிகள் முதுமையால் அன்றி இந்தச் சாவியால்தான் அழிந்திருக்கின்றன என்று ஐயுற இடமிருக்கிறது.

இதனால் பழைய வண்டியை வாங்குபவருக்கு ஒரு கூடுதல் வேலை வந்து சேர்கிறது. வெடித்த ரப்பர் முழங்கையை மாற்றிச் சங்கிலியை முழுமையாக்கியதும் மாற்றங்கள் மென்மைக்குப் பதிலாக வழுக்கலாக மாறி, இயந்திரம் கியர்களுக்கு நடுவே சீறத் தொடங்கினால், முன்னாள் உரிமையாளர் எவரோ சாவியைத் திருப்பியிருக்கிறார் என்று கொள்ளலாம். எத்தனை சுற்று என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. ஆகவே கியர்பெட்டியில் இதற்கென்றே விடப்பட்டிருக்கும் சோதனைத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, அந்தக் குறிப்பிட்ட எண்ணுடைய கியர்பெட்டிக்குத் தொழிற்சாலைக் கையேடு தரும் அழுத்தம் வரும்வரை, வெற்றிடக் குழாயைக் கழற்றிய நிலையில், சாவியை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் ரப்பர் மூடியைத் திரும்பப் போடலாம்.